ஆமென் சொல்லாத ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

சத்யப்ரியாவின் வணக்கம். மதுரையில் நான் சுகம். ஓசூர்க் குளிரில் உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாதியிலேயே திட்டத் தொடங்குவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை அப்பா. என்னோடு பசுமலைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒச்சாயி அக்கா, ஞாயிறுதோறும் என்னைச் செல்லூரில் ஒரு ஜெபவீட்டுக்கு அழைத்துப்போவார். அங்கே எல்லோரும் பெயர் சொல்லி விசாரிப்பார்கள். நானும் கைதட்டிப் பாடுவேன். அங்கேயே சேர்ந்துவிடலாம் என்றிருந்தேன்.

நேற்று போதகர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். "வலிப்பு மாத்திரைய இன்னையோட விட்டுரும்மா. அடுத்த வாரம் ஞானஸ்நானம் எடுத்துக்கலாம்" என்றார். எல்லோரும் என் ஆமெனுக்குக் காத்திருந்தார்கள். ஆனாலும் சொல்லிவிட்டேன். "ஐயா, எனக்கு ஜெபமும் வேணும், மாத்திரையும் வேணும். ஒன்னை விடணும்னா நான் சேரலை." கூட்டத்தில் நான் வாய்திறந்து பேசியது அதுதான் முதல்முறை.

வெளியே செருப்பை மாட்டும்போது அக்கா பின்னாலேயே வந்தார். "இரு, நானும் வாரேன். சுகர் மாத்திரைய நிறுத்தி நாலு மாசமாச்சு. கால் புண்ணு ஆறவே மாட்டேங்குது. எம்புட்டு நாளைக்குத்தான் மறைக்கிறது?" என்றார். இருவரும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் அக்கா என்னைக் கட்டிக்கொண்டார்.

போர்த்திக்கொள்ள உங்கள் பழைய வேட்டி ஒன்று அனுப்புங்கள். மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்யுங்கள் அப்பா. இனி அந்த நேரத்தில் அறையில் சும்மாதான் இருப்பேன்.

உங்கள் மகள்,
சத்யப்ரியா