முழத்துக்கு ஒரு செண்டுப்பூச் செடி

மச்சான்,

இன்று காலை பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் செண்டுப்பூச் செடிகளைக் கீரைப்பாத்தி மாதிரி நெருக்கி வைத்து, பக்கத்தில் யூரியா மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம். என் மனைவிக்கு அண்ணனாகப் பிறந்ததைத் தவிர வேறு பெருமை இல்லாத மனிதர் நீங்கள்.

குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சர்க்கார் சொன்ன காலம். நாம் ஆளுக்குப் பாதி குத்தகைக்கு வைத்திருந்த மேட்டுக்கொல்லையைத் தரிசு என்று மிராசுதார் எழுதிக் கொடுத்துவிட்டார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பார்க்க வரும்போது பயிர் நிற்காத பாதி பறிபோய்விடும். நெல்லுக்குத் தண்ணீர் ஏறாத மேடு. செண்டுப்பூ வைத்தோம்.

நீங்கள் முழக்கோலும் கையுமாகத் திரிந்து முழத்துக்கு ஒரு செடி நட்டீர்கள். அடியில் மக்கிய எரு, ஒரு கை கடலைப்புண்ணாக்கு. மகா கஞ்சத்தனம்.

"நடுவுல மாட்டுவண்டி ஓட்டப் போறீங்களா மச்சான்?"

"நெல்லு மாதிரி நெருக்காதீங்க மாப்ளே. வெயில் உள்ள போனாத்தான் பூக்கும்."

ஐந்து ஜில்லாவுக்கு நாற்று நட்ட கை என்னுடையது. அதற்கு நீங்கள் பாடம் சொல்வதா? சாணுக்கு இரண்டாகச் செருகி, யூரியாவை வாரி இறைத்தேன். என் செடிகளின் நிழலில் யானையைக் கட்டலாம். உங்களுடையது முழங்காலைத் தாண்டவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று உங்கள் பாதி மஞ்சளாகப் பூத்திருந்தது. என் பாதியில் பேருக்கு ஒரு பூ இல்லை. முதல் நாள் மழைக்கு மொத்தமும் சாய்ந்து கிடந்தது.

"தானா மொளச்ச பொதரு சார்," என்றார் மிராசுதாரின் காரியஸ்தர்.

நீங்கள் குறுக்கே வந்தீர்கள். "பூத்திருக்கறது மாப்ள சாகுபடி சார். பொதரு என்னோடது."

பொய் சொல்லவும் ஒரு திறமை வேண்டும். உங்களுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. காரியஸ்தருக்கு எந்தப் பாதி போனால் என்ன? பதிவேட்டில் என் பெயர் ஏறியது. உங்களுடையது என்று நீங்கள் சொன்ன புதர்ப் பாதி தரிசாகி மிராசுதாரிடம் போனது.

வரப்பிலேயே திட்டினேன். "ஒங்களுக்கு அறிவிருக்கா மச்சான்?"

"தங்கச்சி சோறு திங்கணும்ல மாப்ளே."

அதன்பிறகு கடைசிவரை அடுத்தவன் வயலில் கூலிக்குப் போனீர்கள். இப்படி ஓர் ஏமாளியை இந்த டெல்டாவில் நான் கண்டதில்லை.

கொல்லையில் இன்றும் முழத்துக்கு ஒரு செடிதான் வைக்கிறேன். அது என் சொந்த யோசனை என்று பேராவூரணி வரை பரப்பி வைத்திருக்கிறேன். நீங்கள் இருந்தவரை பக்கத்தில் நின்று, "ஆமா, மாப்ள சொன்னதுதான்" என்பீர்கள். இப்போது நானே சொல்லி, நானே தலையாட்ட வேண்டியிருக்கிறது.