துக்க வீட்டில் ஒரு நட்சத்திரம்

டிசம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஜெசியின் யூனிஃபார்ம் மட்டும் அடுப்படியில் கயிறு கட்டி உலர்த்தினேன். யூகேஜி பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை என்று முடிவு பண்ணினவர் வீட்டில் துவைக்கிறவர் வேறு யாரோ.

குச்சம் கட்ட வந்த பட்டுச்சேலை நாலு. இரண்டு முடிந்தது. முந்தியில் தொங்கும் நூலைப் பிரித்துப் பிரித்து முடிச்சுப் போட்டு விரல் நுனி எரிகிறது. மாம்பழ மஞ்சள், அரக்கு முந்தி. தை மாதம் எவளோ ஒருத்தி மணவறையில் கட்டிக்கொள்வாள். நன்றாக இருக்கட்டும்.

பக்கத்துத் தெருவில் முதல் நட்சத்திரம் ஏற்றிவிட்டார்கள். ஸ்கூலிலிருந்து வரும்போது ஜெசி கண்ணில் பட்டுவிட்டது.

"நாம எப்பம்மா போடப் போறோம்?"

பார்க்கலாம் என்றேன். பார்க்க என்ன இருக்கிறது. இவள் அப்பா அருள் போனது ஜூனில். சாவு நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நட்சத்திரம் கிடையாது, குடில் கிடையாது, பலகாரம் சுடக்கூடாது. மற்றவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். சபையில் யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

டிசம்பர் 9, செவ்வாய்

தூறல் நின்றது. குளிர்.

ஜெசி சாப்பிட மாட்டேன் என்று ஒரே அடம். கடைசியில் விஷயம் வெளியே வந்தது.

"நட்சத்திரம் இல்லன்னா கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு நம்ம வீடு எப்டிம்மா தெரியும்? இருட்டா இருக்குதுன்னு போயிடுவாரு."

கையில் சோற்று உருண்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தாத்தாவே அருள்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே, சபையார் பாடிக்கொண்டு போகும் கேரல் ரவுண்ட்ஸில் சிவப்பு அங்கி, முகமூடி, பஞ்சுத் தாடி எல்லாம் அவர்தான். வீடு வீடாக ஆடிக்கொண்டு போவார். அங்கி எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. ஜெசிக்குத் தெரியாது. போன வருஷம் வயரிங் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். டிரம் சத்தத்தோடு தாத்தாவாக வந்து இவளைத் தூக்கிச் சுற்றி, மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு வேர்த்துப்போய் வீட்டுக்கு வந்து, "தாத்தா வந்துட்டுப் போயிட்டாரா? சே, நான் பாக்கலியே!" என்று ஒரு நடிப்பு. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். யார் என்ன சொன்னாலும் சரி. ஐந்து வயசுப் பிள்ளை. அப்பாவும் இல்லை, தாத்தாவும் இல்லை என்றால் எப்படி?

டிசம்பர் 11, வியாழன்

கையில் இருப்பதை வைத்துத்தான் எல்லாம். யோசித்தது:

நட்சத்திரம் – பரணில் அருள் கட்டிய மூங்கில் சட்டம். இருக்க வேண்டும்.
சீ.செட் – போன வருஷத்துச் சீரியல் செட். எரிந்தால் உண்டு.
குடில் – வைக்கோல், காமாட்சி அக்கா வீட்டு மாட்டுக்கு வருவது. ஒரு பிடி கேட்கலாம்.
புல் – கொட்டாங்குச்சியில் மண் போட்டுக் கேழ்வரகு. இன்றே விதைத்தாயிற்று.
தோரணம் – குச்சத்தில் வெட்டி விழும் பட்டு நூல். ஒரு பை நிறைய இருக்கிறது.
பலூன் – வேண்டாம். வெடித்தால் அழுவாள்.

பரணில் ஏறினேன். சட்டம் கிடைத்தது. காகிதத்தை எலி தின்றுவிட்டிருந்தது, சுத்தமாக. மூங்கில் கூடும் இடத்தில் எல்லாம் கம்பி முறுக்கியிருக்கிறார். எலக்ட்ரீஷியன் முடிச்சு, அசையவே இல்லை. மேலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். கீழே ஜெசி, "அம்மா, எலி கடிச்சிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

டிசம்பர் 12, வெள்ளி

பிள்ளையார்பாளையம் போய்ச் சேலைகளைக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம். அதிசயம்.

வரும் வழியில் காமாட்சி அக்கா வீடு. அவர் வீட்டுத் தறியில் டிசைன் மாற்றியிருக்கிறார்கள். பழைய ஜாக்கார்டு அட்டைகள் ஒரு கட்டு வாசலில் கிடந்தன. சேலையில் என்ன உருவம் விழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும், ஓட்டை ஓட்டையாகப் போட்ட அட்டைகள். ஓட்டை வழியாக வெயில் தரையில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. சட்டென்று தோன்றியது.

"அக்கா, இது வேணுமா?"

"அடுப்புக்குத்தான் வெச்சிக்கினு இருக்கேன். இன்னாத்துக்கு?"

"நட்சத்திரத்து மேல சுத்தி ஒட்டறதுக்கு."

கட்டைத் தூக்கி என் கையில் கொடுத்தார். அடக்கத்தன்று ஜெசியை இவர் வீட்டில்தான் விட்டிருந்தேன். நாள் முழுக்க அவளுக்குப் பூ தொடுக்கக் கற்றுக்கொடுத்தாராம். "வைக்கோலும் எடுத்துக்கினு போம்மா" என்றார்.

அன்னப்பறவை டிசைனாம் அது. இயேசு பிறப்புக்கு அன்னப்பறவை. ஆண்டவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து ரீட்டா அண்ணி வீட்டுக்கு வந்தார். அருளின் அக்கா. கையில் ஒரு டஜன் வாழைப்பழம், முகத்தில் கடுகு வெடிக்கும் சூடு. கூடத்தில் பாதி ஒட்டிய நட்சத்திரம். மறைக்க நேரமில்லை. மறைக்கவும் தோன்றவில்லை.

"இன்னா இது?"

"நட்சத்திரம் அண்ணி."

"எனுக்குக் கண்ணு தெரியுது. எந்தம்பி போயி ஒரு வருசம் திரும்பல. அதுக்குள்ள உனுக்கு லைட்டு கேக்குதா? ஊரு இன்னா சொல்லும்?"

"ஜெசி கேக்குறா அண்ணி."

"அவ நிலாவைக் கேப்பா. புடிச்சித் தருவியா?"

முடிந்தால் தருவேன் என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிவிட்டேன். பழத்தை வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டே அழுதார். கோபத்தில் எனக்கு அழுகை வரவில்லை. இப்போது எழுதும்போது வருகிறது. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவர் அழுகையும் பொய்யில்லை.

ஆனால் நட்சத்திரம் உண்டு.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. விடியும் முன்னே சின்ன காஞ்சிபுரம் பக்கமிருந்து ஸ்பீக்கர். தெருவெல்லாம் கோலம், சாணிப் பிள்ளையார், பூசணிப்பூ. நம் வாசல் மட்டும் வெறும் தண்ணீர்.

கேழ்வரகு முளைத்துவிட்டது. ஜெசி அதற்குத் தினமும் குட்மார்னிங் சொல்கிறாள்.

சாயங்காலம் டேவிட் அண்ணன் வந்தார். அருளின் சிநேகிதர், கேரல் குழுவுக்கு அவர்தான் லீடர். அங்கி வாங்கிப்போக வந்தார், ஆனால் கேட்க முடியாமல் மழை, பஸ், பெட்ரோல் என்று என்னென்னமோ பேசினார். நானே பெட்டியைத் திறந்தேன். முகமூடிக்கு உள்ளே அருள் தடவும் தேங்காய் எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது. துவைத்துக் கொடுப்பதுதான் முறை. துவைக்கவில்லை.

"இந்த வருஷம் யாருண்ணா போடறது?"

"ஒருத்தனும் போட மாட்டேன்றானுங்கம்மா. அருள் போட்டதை எப்டி போடறதுன்னு. நான்தான் போடணும் போல."

"எங்க வீட்டுக்கும் தாத்தா வரணும்ணா. டிரம்மோட."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "சாவு வூட்டுல டிரம் அடிக்க மாட்டோமேம்மா. சத்தமில்லாம ஒரு பாட்டு, ஒரு ஜெபம். தாத்தா தெருமுனையில நின்னுடுவாரு. அதான வழக்கம்."

"வழக்கம் எனக்குத் தெரியும்ணா. அவளுக்குத் தெரியாது. ஜன்னலண்ட நின்னுக்கினு இருப்பா."

பாஸ்டரிடம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அங்கியைக் குழந்தை மாதிரி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்.

டிசம்பர் 19, வெள்ளி

சீ.செட் எரியவில்லை. எந்த பல்ப் போனது என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன். எலக்ட்ரீஷியன் பெண்டாட்டி. மானம் போகிறது. இத்தனை வருஷம் அவர் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறேன், ஒரு நாளும் கவனித்துப் பார்த்ததில்லை. மத்தியானம் ஏதோ ஒரு பல்பைத் தொட்டதும் எல்லாம் ஒரே அடியாக எரிந்தது. கத்திவிட்டேன். சொல்ல ஆளில்லை.

குடில் ரெடி. நூல் தோரணமும் ஆயிற்று: மஞ்சள், ராமர் பச்சை, அரக்கு, கத்திரிப்பூ. எந்தெந்தக் கல்யாணத்து நூலோ எங்கள் வாசலில். குடிலில் ஒரு ஆட்டுப் பொம்மைக்குக் கால் இல்லை. ஜெசி அதைப் படுக்க வைத்துவிட்டாள். "தூங்குது."

டிசம்பர் 20, சனி

நட்சத்திரம் ஏற்றினோம். உள்ளே ஒரே பல்ப்; சீ.செட் குடிலுக்கு.

இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அட்டையின் ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் வெளிச்சம். சுவர், கதவு, எதிர் வீட்டுக் காம்பவுண்டு வரைக்கும் புள்ளிகள். காற்றில் நட்சத்திரம் திரும்பினால் தெருவே நகர்கிறது. ஜெசி கைகளை விரித்துப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

எதிர் வீட்டில் யாரோ மெதுவாக: "புருசன் போயி வருசம் ஆவல..." பதிலுக்கு யாரோ: "வுடுடி, கொயந்த வெளாடுது."

இரண்டும் காதில் விழுந்தது. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

டேவிட் அண்ணனிடமிருந்து தகவல் இல்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

வந்தார்கள். இருட்டிக்கொண்டு வரும் நேரம். எங்கள் தெருவில்தான் முதலில்.

தூரத்தில் டிரம். ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தபடி ஜெசி. என் பயமெல்லாம் டிரம் எங்கே நிற்கும் என்பதுதான். முனை வீடு, தையல்காரர் வீடு, காலி மனை. இங்கே நிறுத்துவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நிற்கவில்லை. வாசல் வரைக்கும் வந்து, என் நெஞ்சுக்குள்ளேயே அடிக்கிற மாதிரி அடித்தார்கள். பாஸ்டரே கூட வந்திருந்தார். தாத்தா ஆடிக்கொண்டு உள்ளே வந்தார். தெருவில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

தாத்தா ஜெசியைத் தூக்கிச் சுற்றினார். மிட்டாய் கொடுத்தார். அவள் மிட்டாயை வாங்கிக்கொண்டு முகமூடியையே உற்றுப் பார்த்தாள். தன் மூக்கைக் கொண்டுபோய் முகமூடி மூக்கில் வைத்தாள். தாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இறக்கிவிட்டார்.

அவர்கள் போனதும் சொன்னாள்.

"அது டேவிட் பெரியப்பா."

"இல்லம்மா, தாத்தா."

"அப்பாதாம்மா தாத்தா. அப்பான்னா மூக்க இடிப்பாரு. போன வருசம் இடிச்சாரு."

அவளே மேலே கேட்டாள்.

"அப்பா இயேசுகிட்ட இருக்காருன்னு நீதான சொன்ன. கிறிஸ்துமஸுக்கு இயேசு நம்ம வீட்டுக்கு வராருன்னு சண்டே கிளாஸ் டீச்சர் சொன்னாங்க. அப்போ அப்பாவும் கூட வருவாருல்ல?"

இதற்குத்தான் நட்சத்திரம் கேட்டாள். இதற்குத்தான் பதினைந்து நாளாக நான் கட்டிக்கொண்டிருந்தேன்.

லைட்டை அணைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்தாதம்மா. வேற தெருவுல இருப்பாரு."

டிசம்பர் 24, புதன்

பனி. நட்சத்திரம் ராத்திரி முழுக்க எரிந்தது. பகலிலும் எரிகிறது.

வேலை ஓடவில்லை. ஒரு முந்தியில் முடிச்செல்லாம் கோணல், பிரித்துக் கட்ட வேண்டும்.

டேவிட் அண்ணன் ஃபோன் பண்ணினார். "கொயந்த சந்தோசப்பட்டாளாம்மா?" ஆமாண்ணா என்றேன். அவர் என்ன செய்வார், பாவம். பாஸ்டரிடம் நின்று வாதாடியிருக்கிறார்.

ஜூனிலிருந்து இவளைக் கல்லறைப் பக்கமே கூட்டிப்போகவில்லை. சின்னப் பிள்ளை, தாங்காது என்று. ஆறு மாதமாக இவள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். காத்திருப்பதை மட்டும் எப்படித் தாங்கினாளோ.

மூன்று தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

நாளைக்குக் கூட்டிப்போகிறேன். நல்ல நாளும் அதுவுமாக. வேறு வழியில்லை.

டிசம்பர் 25, வியாழன்

விடியற்கால ஆராதனை. ஜெசிக்குப் போன வருஷத்துப் பாவாடை, கீழே பட்டு நூலில் ஓரம் வைத்துத் தைத்தது. எல்லோரும் கை குலுக்கினார்கள். பிறகு கல்லறைத் தோட்டம்.

ரீட்டா அண்ணி எங்களுக்கு முன்னாலேயே வந்து மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

சிமெண்ட் இன்னும் போடவில்லை. வெறும் மண்மேடு, மரச் சிலுவை. ஜெசி எழுத்துக் கூட்டிப் படித்தாள். அ. ரு. ள்.

"அப்பா இங்கயா இருக்காரு?"

"இங்கதாம்மா."

"இயேசுகிட்டன்னு சொன்ன?"

"உயிரு அங்க. உடம்பு இங்க."

யோசித்தாள். "ஏந்து வர மாட்டாரா?"

"மாட்டாரு."

"தாத்தா டிரஸ் போட்டுக்கினு கூட?"

"மாட்டாரும்மா. இனிமே வர மாட்டாரு."

ஆறு மாதத்தில் நான் இதை வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். ஜெசி அழவில்லை. "சரி" என்றாள்.

அண்ணியும் எங்களோடு வந்தார், இவள் கையைப் பிடித்துக்கொண்டு. வீட்டுக்கு வந்ததும் புதுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, எட்டி, நட்சத்திரத்தின் சுவிட்சை ஜெசியே அணைத்தாள்.

"கரண்டு வீணாவுதும்மா" என்றாள்.