தகப்பன் கையெழுத்து

வீட்டில் மண்ணெண்ணெய் மணக்கிறது. நம் மகள் வேலையால் வந்து கதவுக்குப் பின்னால் கொழுவிய சட்டையின் மணம். விமானத்துக்கு ஊற்றுவதும் ஏறத்தாழ மண்ணெண்ணெய்தான் என்று அவள் முதன்முதல் சொன்ன அன்று நீர் சிரித்தீர். "அப்ப எங்கட மோட்டச்சைக்கிளும் பிளேனும் ஒண்டுதான்" என்றீர். ஊரில் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஆட்கள் அல்லவா நாம். அந்தச் சிரிப்பு அன்றோடு சரி. பிறகு அந்தப் படிப்பைப் பற்றி நாம் பேசியதெல்லாம் சண்டைதான்.

அவள் கேட்டது இரண்டு வருட விமானத் திருத்தப் படிப்பு, அதுவும் தனியார் பள்ளியில். ஏதாவது கம்பனி பயிலுநராக எடுத்தால் பள்ளிக்கு அவர்களே கட்டுவார்கள். எடுக்காவிட்டால் நாம் கட்ட வேண்டும். அவள் எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. நம்மிடம் இருந்தது வீடு வாங்கச் சேர்த்த காசு மட்டும். பல்கலைக்கழகத்தில் கணக்கியல் என்றால் செலவே இல்லாத மாதிரி. முடித்தால் கதிரையில் இருந்து செய்யும் வேலை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றையும் விட என்னைக் குத்தியது வேறொன்று. அந்த இரண்டு வருடத்தை முடித்தாலும் அவளால் கையெழுத்து வைக்க முடியாது. கழற்றலாம், பூட்டலாம். ஆனால் இந்த விமானம் இனிப் பறக்கலாம் என்று கையெழுத்து வைக்க லைசென்ஸ் வேண்டும். அதற்கு இன்னும் சோதனைகள், இன்னும் வருடக்கணக்கில் அனுபவம்.

பள்ளியில் சேரத் திங்கட்கிழமை கடைசி நாள். சனிக்கிழமை நீர் பள்ளிப் பத்திரத்தோடு தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் சமைக்கிற சாப்பாட்டுக் கடைக்கே வந்துவிட்டீர். மத்தியானச் சனம் போய், நான் பின்னேரத்துக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பத்திரத்தின் அடியில் இரண்டு கோடுகள். ஒன்று தகப்பனுக்கு, ஒன்று தாய்க்கு.

"இஞ்சாருங்கோ, இதிலை ஒருக்கா கையெழுத்து வையுங்கோ."

"கையெல்லாம் வெங்காயம்."

"கழுவிப்போட்டு வையுங்கோ."

நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "ரெண்டு வருசம் காசைக் கொட்டிப் படிச்சும் அவளாலை ஒரு கையெழுத்து வைக்கேலாது. தெரியுமே உமக்கு?"

"பேந்து வைப்பாள்தானே."

"பேந்தெண்டால்? ஆறேழு வருசம் செல்லும்."

"நான் உங்களிட்டை வந்துசேர எத்தினை வருசம் செண்டது?"

ஒன்பது வருடம். நான் ஊரை விட்டு வெளிக்கிடும்போது மகளுக்கு இரண்டு வயது. யுத்தம் முடிந்த அடுத்த வருடம் நீங்கள் வந்து இறங்கியபோது, பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று உம்முடைய முதுகுக்குப் பின்னால் நின்று என்னை ஆராய்ந்தது. இதெல்லாம் தெரிந்தும் நான் சும்மா இருக்கவில்லை. சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

"பிளேன் சத்தத்துக்கு நிலத்திலை விழுந்து படுத்த ஆக்கள் நீங்கள். உங்களுக்கேன் இந்த வேலை?"

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற லெ பிளாங்-மெனிலுக்கு நீங்கள் வந்த முதல் கிழமை அது. கூரைக்கு மேலால் விமானம் ஒன்று பதிந்து போனது. நீங்கள் இருவரும் நடையில் குப்புறக் கிடந்தீர்கள். அவளுடைய காதுகளை நீர் பொத்தியிருந்தீர். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

உமக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "ஓம், படுத்தனாங்கள். நீங்கள் அங்கை இல்லை. அவள் அதைக் கழட்டிப் பாக்கப்போறன் எண்டு நிக்கிறாள். நான் மறிக்கமாட்டன்."

மாப் பேணியின் மூடியில் பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டீர். தமிழில், அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. ஒரு ஆள் வைத்தாலே போதுமாம். என் கோடு வெறுமையாகவே போயிற்று. அதற்குப் பிறகு நாம் ஒரு கிழமை பேசவில்லை.

முதல் வருடம் ஒரு கம்பனியும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வைத்த காசு போனது. நீர் விடிய எழும்பி அலுவலகம் துப்புரவாக்கும் இரண்டாவது வேலைக்கும் போனீர். இரண்டாம் வருடம்தான் அவளை ஒரு இடத்தில் எடுத்தார்கள். அவள் படித்து முடித்த குளிர்காலத்தில் நோய் உம்மைக் கொண்டுபோனது. அந்த விடியக்காலை வேலைதான் உம்மை அரித்ததோ என்று வைத்தியரிடம் கேட்டேன். இல்லை என்றார். நான் இன்னும் நம்பவில்லை.

அடுத்த வருடம் கொரோனா வந்து விமானங்களை வரிசையாக நிறுத்தியது. மகளுக்கு வேலை போய், லா சப்பலில் ஒரு தொலைபேசிக் கடையில் நின்றாள். அப்போது ஒரு நாள் உம்முடைய படத்துக்கு முன்னால் நின்று, "இப்ப என்ன சொல்லுறீர்?" என்று கேட்டேன். அது மகளின் காதில் விழுந்துவிட்டது. பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். செத்த மனுசியிடம் நியாயம் கேட்டவன் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன் போல.

பிறகு அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். சோதனைகளை ஒவ்வொன்றாக எழுதி முடித்து லைசென்ஸ் எடுத்தாள். போன செவ்வாய் சாப்பாட்டு மேசையில், "அப்பா, இண்டைக்கு நான் கையெழுத்து வைச்சனான்" என்றாள். நீர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு எட்டு வருடம் சென்றிருக்கிறது. நீர் எனக்காகக் காத்திருந்ததை விட ஒன்று குறைவு.

"எப்பிடி வைச்சனீ?"

கிடந்த கடித உறையின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினாள். தமிழில், அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

பள்ளிப் பத்திரத்தை அவள் இவ்வளவு காலமும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். எடுத்து வந்து என் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்தாள். தாயின் கோட்டில் நீர் இருக்கிறீர். "இப்ப வையுங்கோவன்" என்று பேனையை நீட்டினாள், பகிடியாகத்தான். நான் வாங்கவில்லை. பத்திரத்தை மட்டும் கேட்டு எடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கடைக்கும் என்னோடு வருகிறது. வெங்காயம் வெட்டக் குனிந்தால் சரசரக்கிறது. கோடு அப்படியே இருக்கட்டும். இப்போது வைத்தால் அது கள்ளக் கையெழுத்து.