அம்மாவின் தலைமாட்டுச் செடி

சேசு மரி சூசை

மாசாய், ஜொகூர்
1935, நவம்பர்

அன்பு மகள் லூசிக்கு அப்பா அமலதாஸ் எழுதுவது. நான் இங்கே உயிரோடும் இருமலோடும் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த மொரீசுத் தீவில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கத் தேவமாதா காவல் இருக்கவேண்டும். உன் இரண்டு கடிதமும் கப்பல் தாமதத்தால் ஒன்றாக வந்து சேர்ந்தன. இரண்டிலும் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறாய், அம்மா கல்லறையில் வைத்த ஜிமிக்கிப்பூச் செடி பூத்ததா என்று. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தச் செடியைக் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் சாங்கூல் மண்வெட்டியால் செதுக்கி எடுத்துவிட்டார்கள். உடனே அழத் தொடங்காதே, கடிதத்தை மடித்தும் வைக்காதே, கடைசிவரை படி, மிச்சம் இருக்கிறது.

நீ போன பிறகு தோட்டத்தில் எனக்கு எதுவும் சரியாக நடக்கவில்லை. ரப்பர் விலை விழுந்ததும் அந்த மொரீசு துரை பக்கத்திலிருந்த தன் தோட்டத்தை விற்றுவிட்டு ஊர் திரும்பினார், அவருக்குக் கார் ஓட்ட வந்த மாப்பிள்ளையும் திரும்பினார், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நீயும் கூடவே கப்பலேறினாய். அப்போதே இங்கே என்னிடமிருந்த புல்வெட்டுக் கேங்கை எடுத்துச் செல்லப்பனுக்குக் கொடுத்து அவனை மேற்பார்க்கிற மண்டோர் ஆக்கிவிட்டு, என்னை ஸ்டோர் வாசலில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். எனக்கு வயதாகிவிட்டதாம். ஆபீஸ் பெரிய கிராணி எல்லார் முன்னாலும், பெரியவரே, ஒங்களுக்கு ரெஸ்ட்டு லா, சந்தோஷமா இருங்க என்றார். நான் சந்தோஷமாக இல்லை, அவருக்கு இன்றுவரை வணக்கமும் சொல்வதில்லை. இந்தக் காட்டை வெட்டி முதல் கன்று நட்டவர்களில் நான் ஒருவன். பால் மரத்தடியில் தரை வெறுந்தரையாக இருக்கவேண்டும், ஒரு புல் தலை தெரிந்தாலும் துரை குதிரையை விட்டு இறங்கிவிடுவார் என்ற காலத்தில் அந்தக் கேங்கைப் பழக்கியவன் நான். அதையெல்லாம் யாரும் நினைப்பதில்லை. மழை வேறு விடாமல் பெய்கிறது, கோத்தா திங்கியில் ஆறு ஏறிக் கடைத்தெருவில் சம்பான் படகு ஓடுகிறது என்கிறார்கள். ஸ்டோர் கூரை ஒழுகுகிறது. சொன்னால் பார்க்கலாம் என்கிறார்கள், யாரும் பார்ப்பதில்லை.

நீ போன மறுவருஷம் அம்மா போனாள். நான் எழுதிய கடிதம் உன் கைக்கு வந்தபோது இங்கே முப்பதாம் நாள் பூசையே முடிந்திருந்தது. என்னால் வர முடியவில்லை அப்பா, எனக்குப் பதிலாக இது அம்மா தலைமாட்டில் நிற்கட்டும் என்று எழுதி, பஞ்சில் சுற்றி விதை அனுப்பினாய். மாப்பிள்ளை அங்கே காட்டிலாகாவில் காவலராகச் சேர்ந்த புதிது. பூ ஜிமிக்கி போலக் கவிழ்ந்து தொங்கும், நிறம் சிவப்பு, உள்ளே இருக்கிற தேனும் சிவப்பு, பச்சைப் பல்லி வந்து அந்தத் தேனைக் குடிக்கும், உலகத்திலேயே அந்தத் தீவில் ஒரே ஒரு மலையின் பாறைச் சரிவில்தான் இது இருக்கிறது என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். உள்ளதைச் சொல்கிறேன், நான் நம்பவில்லை. இங்கே ஒரு பக்கம் செதுக்கிக்கொண்டே போனால் மறுபக்கம் முளைத்துக்கொண்டே வருகிற லாலாங் புல்லோடு முப்பது வருஷம் மல்லுக்கு நின்றவன் நான். ஒரு செடி ஒரு மலையோடு நின்றுவிடுமா என்றுதான் தோன்றியது. பல்லிச் சேதியைத் தெரியாத்தனமாகச் செல்லப்பனிடம் சொல்லிவிட்டேன். அவன் பிரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிடும்போது, மொத்தக் கேங்கும் கேட்க, அண்ணே, அந்த ஊர்ல பல்லி தேன் குடிக்குதுன்னா தேனீ என்னண்ணே பண்ணுது, செவுத்துல ஒட்டிக்கிட்டுக் கெடக்குதா என்று கேட்டான். ஒரு வாரம் இதே சிரிப்பு. தண்ணிக்குழாயில் நிற்கிற பெண்கள்கூட என்னைப் பார்த்ததும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு செடியைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதுதான் பிறகு வினையாக வந்தது.

விதை மண்ணெண்ணெய் டின்னில் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. மற்றதெல்லாம் மக்கிப்போக ஒன்றுதான் முளைத்தது. பாறையில் வளர்கிற செடிக்கு இந்த ஊர் மழை ஆகாது என்று தெரிந்து, டின்னில் உடைந்த செங்கலும் மணலும் கரியும் கலந்து போட்டு, கைக்குழந்தையைப் போல வைத்திருந்தேன். முழங்கால் உயரம் வந்ததும் எங்கே வைப்பது என்று யோசித்தேன். லயத்து வீடுகளைச் சுற்றி வைத்தால் கேங்கு செதுக்கிவிடும், துரை மண்ணில் ரப்பரைத் தவிர எதுவும் நிற்காது. கல்லறை மண் ஒன்றுதான் துரைக்கு வேண்டாத மண், அங்கே யாரும் சாங்கூல் கொண்டு வரமாட்டார்கள் என்று நினைத்து, அம்மா தலைமாட்டில், சிலுவைக்குப் பக்கத்தில் வைத்தேன். உனக்கு எழுதியதோடு சரி, இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் பல்லி என்பார்கள். இலை சாம்பல் பூசினாற்போல் இருக்கும், பார்த்தால் ஒன்றுமில்லாத குத்துச்செடி. போன மாதக் கடைசியில் நுனியில் மொட்டு வைத்திருந்தது. பூத்ததும் உனக்கு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

அதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. திருநாளுக்குக் கல்லறையைச் சுத்தம் செய்யப் போக முடியாமல் போர்வைக்குள் கிடந்தேன். இதைக் கேள்விப்பட்டுச் செல்லப்பன், வேலை முடிந்ததும் கேங்கை வீட்டுக்கு விடாமல் நேரே கல்லறைக்குக் கூட்டிப் போயிருக்கிறான். அவன் நம் வேதக்காரன் இல்லை, மாரியம்மன் கோயில் தீமிதிக்கு முதல் ஆளாக நிற்கிறவன். ஆனால் அவன் பெண்சாதி கிருஷ்ணம்மாவின் பிள்ளைகள் எல்லாம் உன் அம்மா கையில் பிறந்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். அக்கா கல்லறையில ஒரு புல்லு நிக்கலாமா, நாளைக்குச் சாமியார் வந்து பாத்தா நம்ம கேங்குக்குல்ல கேவலம் என்று சொன்னானாம். எல்லாரும் வரிசையாக நின்று செதுக்கியிருக்கிறார்கள். தலைமாட்டில் நின்றதும் சேர்ந்து போய்விட்டது. பிறகு ஆற்று மணல் கொண்டுவந்து பரப்பி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் காலையில் மெழுகுவத்தியோடு தட்டுத்தடுமாறிப் போய்ப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமாக அந்தக் கல்லறையை நான் பார்த்ததே இல்லை. பால் மரத்தடி தோற்றுப்போகும். பெற்ற மகளுக்குப் பதிலாக நின்றது அங்கே இல்லை.

நான் அங்கேயே சத்தம் போட்டேன், சாமியார் பூசை உடுப்போடு நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை. செல்லப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு, அண்ணே, அது வீட்டுக்குப் பின்னால டின்னுல இருக்குன்னுல்ல நெனச்சேன், பேரு தெரியாத செடின்னா வேரோட எடுன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்க என்றான். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான், அதை மாற்றுகிற ஆள் நான் இல்லை. அப்போது கிருஷ்ணம்மா என் கையைப் பிடிக்காத குறையாகச் சிலுவைக்குப் பின்னால் அழைத்துப் போய்க் காட்டினாள். ஒரு பால் டின்னில் தண்ணீர் ஊற்றி ஒரு கிளையை வைத்திருந்தாள். மொட்டு இருந்திச்சு அண்ணே, குப்பையில வீச மனசு வரல, அக்காவுக்கு இருக்கட்டும்னு வச்சேன் என்றாள். லூசி, அது பூத்திருந்தது. நீ எழுதினபடியே கவிழ்ந்து, சிவப்பாக, ஜிமிக்கிதான். விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன், தேனும் சிவப்புத்தான். உன் கேள்விக்குப் பதில் இது: பூத்தது, அம்மா தலைமாட்டிலேதான் பூத்தது, பால் டின்னில்.

பூசை முடிந்ததும் வேலிக்கு வெளியே கொட்டியிருந்த செத்தையைக் கிளறினேன். மழையால் கொளுத்தாமல் விட்டிருந்தார்கள். அடிக்கட்டை கிடைத்தது, சாங்கூல் பட்டுப் பாதி வேர் போயிருந்தது. அதை அதே இடத்தில் புதைத்தேன். பூ உதிர்ந்த பிறகு டின்னில் இருந்த கிளையையும் பக்கத்தில் ஊன்றினேன். எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. உன் இரண்டாவது கடிதத்தில் அந்த மலைச்சரிவில் நெருப்பு வைத்துவிட்டார்கள், பாறை இடுக்கில் ஒட்டியிருக்கும் சிலதைத் தவிர எல்லாம் கருகிப்போனது என்று எழுதியிருக்கிறாய். கருங்காலியை விறகாக்குகிறார்கள் என்றும், குருத்தைத் தின்பதற்காகப் பாக்கு மரம் போன்ற ஒரு மரத்தை முழுதாகச் சாய்க்கிறார்கள் என்றும், வெளியூரிலிருந்து வந்த ஒரு கொய்யா காடெல்லாம் மூடிக்கொண்டு அந்த ஊர்க் கன்றுகளை எழவிடாமல் செய்கிறது என்றும் மாப்பிள்ளை ராத்தூக்கம் இல்லாமல் இருக்கிறாராம். லாலாங் மாதிரி எல்லாமே திரும்ப வந்துவிடும் என்று நினைத்திருந்தேன், வராதவையும் இருக்கின்றன போலிருக்கிறது.

மறுவாரம் போய்ப் பார்த்தால் கல்லறையில் வேறு கூத்து. கட்டையைச் சுற்றி நாலு குச்சி நட்டு மஞ்சள் துணி கட்டியிருக்கிறது, அடியில் ஒரு கல், கல்லுக்கு மஞ்சள் குங்குமம், மேலே ஒரு எலுமிச்சம்பழம். செல்லப்பன் பிரட்டுக் களத்தில், அமலதாஸ் அண்ணன் மக கப்பல்ல அனுப்பின சாமி செடி அது, எவனாச்சும் சாங்கூல் வச்சீங்க கை வெளங்காது என்று சொல்லிவிட்டானாம். அவன் வேலையாள்களுக்குத் துரை சொல்வதை விட அதில் பயம் அதிகம். இப்போது அந்தப் பக்கம் போகிறவர்கள் கல்லறைச் சிலுவையைத் தாண்டிப் போய் அந்தக் குச்சிக்குக் கும்பிடு போடுகிறார்கள். சாமியார் இல்லாத நாளில் ஜெபம் சொல்கிற உபதேசியார் என் வீட்டுக்கே வந்துவிட்டார். தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்ச மண்ணுல இது என்ன அக்கிரமம், அடுத்த மாசம் சாமியார் வந்து பாத்தா பூசை வைக்காமத் திரும்பிடுவாரு, ஒங்க பெண்சாதி கல்லறை, நீங்களே அவுத்துடுங்க என்றார். அவர் சொன்னது நியாயம். எனக்கே அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. உன் அம்மா ஒரு வெள்ளிக்கிழமைகூட ஒருசந்தி நோன்பு தவறாதவள், அவள் தலைமாட்டில் குங்குமமா? அன்றைக்குச் சாயங்காலமே அவிழ்க்கப் போனேன். குனிந்து முடிச்சில் கை வைத்தபோது பார்த்தேன். ஊன்றின கிளை கருகிவிட்டது. ஆனால் வெட்டுப்பட்ட கட்டையின் ஓரத்தில், அரிசி முனை அளவுக்கு ஒரு பச்சை. பிறகு துணி தளர்ந்திருந்த இடத்தில் இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டு வந்தேன். கல்லை மட்டும் எடுத்து வேலிக்கு வெளியே வைத்தேன், அதற்கு மேல் என்னால் இறங்கி வர முடியாது. சாமியார் கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். அவர் அவிழ்க்கச் சொன்னால் அவரே குனிந்து பார்த்துவிட்டு அவிழ்க்கட்டும்.

மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். அந்த மலையில் காட்டிலாகா பலகை எழுதி நட்டிருப்பதாக எழுதினாய், பலகையை யார் படிக்கிறார்கள்? உங்கள் ஊரிலும் காவடி எடுக்கிற நம் ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒரு நல்ல ஆளைப் பிடித்து, பாறை இடுக்கில் மிஞ்சியிருப்பவற்றுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் துணி கட்டச் சொல்லட்டும். அவருடைய பெரிய துரை சிரிப்பார். சிரிக்கட்டும், நான் ஒரு வாரம் தாங்கினேன். நீ இனி விதை எடுத்து அனுப்பாதே. இருப்பது கொஞ்சம், அது அங்கேயே விழுந்து முளைக்கட்டும். குழந்தைக்கு மழையில் தலை நனையவிடாதே, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, அம்மா பேரால் ஒரு மெழுகுவத்தி கொளுத்து. உங்கள் மூவரையும் சூசையப்பர் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. பதில் எழுதும்போது நீ எப்படி இருக்கிறாய் என்றும் எழுது, செடியைப் பற்றி மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
அமலதாஸ்

எழுத மறந்தது: செல்லப்பனோடு நான் இன்னும் பேசவில்லை, பேசப்போவதும் இல்லை. மழையில் துணி சாயம் போய்விட்டது, நல்ல துணியாகப் பார்த்து மாற்றிக் கட்டவேண்டும் என்று கிருஷ்ணம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.