லேபர் ரூமுக்குள் யார் வருவது, உம்மா?

உயிருக்கு உயிரான என் உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இதைப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். "வயித்துக் கதையெல்லாம் ஊருக்குச் சொல்லுறதா?" என்று முக்காட்டை இழுத்து வாயைப் பொத்துவீர்கள். பொத்திக்கொள்ளுங்கள். உம்மா இல்லாமல் முதல் பிள்ளைக்குக் காத்திருக்கிறவள் நான் ஒருத்தி மட்டுமா?

ஓம் உம்மா, எனக்கு ஒன்பதாவது மாதம். இருந்தால் முதுகு நோகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, நின்றால் கால் வீங்குகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையை அடுக்குவதும் கலைப்பதுமே வேலையாகிவிட்டது. இன்று காலை நான் மறதியாக வைத்த சீப்பை வாப்பா ஃபிரிட்ஜுக்குள் இருந்து எடுத்துத் தந்தார். பாவம் அவர்.

உங்கள் மருமகன் ரிஸ்வான் நன்றாகத்தான் இருக்கிறார். சம்மாந்துறையில் இருந்து வந்து நம் வீட்டில் மாப்பிள்ளையாக இருக்கிறவருக்கு இன்னும் இந்த வீட்டுச் சோற்றுப் பானையைத் திறக்க வெட்கம். நீங்கள் இருந்தால் அள்ளி அள்ளி வைப்பீர்கள். வாப்பாவும் அவரும் எதிரும் புதிருமாக இருந்து, நீங்க முதல்ல, நீங்க முதல்ல என்று சோற்றை ஆறவைக்கிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள், எழுந்து நடந்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். என் நிம்மதி எப்படிப் போனது என்று சொல்கிறேன். நம் பகுதி மிட்வைஃப் சுபா மிஸ்ஸை உங்களுக்குத் தெரியும்தானே, பாண்டிருப்பில் இருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். போன மாதம் வீட்டுக்கு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். எல்லாம் சரி என்றார். போகும்போதுதான் கேட்டார்.

"ஷிஃபானா, லேபர் ரூமுக்குள்ள உங்களோட ஆர் வாறது? ஒரு ஆளை விடுவாங்க. பொம்பிளையா இருக்கணும், கிளினிக்கில நடக்கிற வகுப்புக்கும் வந்திருக்கணும்."

கிளினிக்கில் வாங்குப் பலகையில் என் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் தங்கள் உம்மாவோடு வருகிறவர்கள். அவர்களிடம் இதைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

உங்கள் மூத்த மகளிடம், ராத்தாவிடம், சொன்னேன். டோஹாவில் அவளுக்கு லீவு கிடைக்காது, வீடியோ கோலில் நிற்கிறேன் என்று அழுதாள். வாப்பாவிடம் சொன்னேன். அவர் தன் கல்முனைக் கடைக்குச் சீமெந்து இறக்க ஆள் தேடுவதுபோல யோசித்து, "பயப்புடாதீங்க மகள், காசக் குடுத்து ஒரு பொம்பிளயப் புடிப்பம்" என்றார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் கையைப் பிடிக்க ஒருத்தி கூலிக்கு வருவாளா உம்மா?

ரிஸ்வானின் உம்மா, மாமி இருக்கிறாரே என்று கேட்பீர்கள். அதுதான் என் நெஞ்சில் கிடந்த முள். பிள்ளை தங்கியிருக்கிறது என்று அறிந்த நாளில் இருந்து மாமி நம் வாசலுக்கு வரவேயில்லை. மகனிடம் போனில் சுகம் கேட்பார், வட்டிலப்பம் செய்து கொடுத்தனுப்புவார். சம்மாந்துறை என்ன கடல் கடந்தா கிடக்கிறது? மகன் நம் வீட்டோடு வந்துவிட்ட கோபம் என்றுதான் நான் நினைத்தேன்.

வகுப்புக்கு வேறு வழியில்லாமல் ரிஸ்வானையே கூட்டிக்கொண்டு போனேன். அவ்வளவு பெண்களுக்கு நடுவில் அவர் ஒருவர்தான் ஆண். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுபா மிஸ் விடவில்லை.

"சுவருக்கா புள்ளை பிறக்கப் போகுது? இங்க வாங்க தம்பி."

மூச்சை மூக்கால் மெதுவாக இழுத்து வாயால் நீளமாக விடப் பழக்கினார். வலி தொடங்கியதும் கட்டிலில் விழுந்து கிடக்காமல் நடக்கலாம், கதிரைச் சாய்மானத்தைப் பிடித்துக் குனிந்து நிற்கலாம் என்றார். தண்ணீர் உடைந்தால், இரத்தம் பட்டால், பிள்ளையின் அசைவு குறைந்தால் வலி வரட்டும் என்று பார்த்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். இதில் எதையாவது நீங்கள் எனக்குச் சொல்லித் தந்தீர்களா? கேட்டபோதெல்லாம் "அந்த நேரத்துல எல்லாம் தெரியும்" என்று அடுப்படிக்குள் போய்விடுவீர்கள். அந்த நேரம் வரப்போகிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே!

இடுப்புக்கு மேலே உள்ளங்கையை வைத்து அழுத்த ரிஸ்வானுக்குக் காட்டிக் கொடுத்தார். முட்டை பிடிக்கிறதுபோலத் தொட்டவர், கொஞ்ச நேரத்தில் நன்றாகவே பழகிவிட்டார். எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

"மிஸ், நானே உள்ளுக்கு நிக்க ஏலாதா?" என்று கேட்டார்.

"ஏலாது தம்பி. கட்டிலுக்குக் கட்டில் ஒரு சீலைதான் மறைப்பு. மற்றப் பொம்பிளையளும் கிடப்பாங்க. நீங்க வெளியில நிண்டு துஆ கேளுங்க."

திரும்பி வரும்போது ஓட்டோவிலேயே வெடித்துவிட்டேன். "உங்கட உம்மாக்கு நான் என்ன செஞ்ச? ஒருக்கா வந்து எட்டிப் பாத்தா கால் தேஞ்சிருமா?" ஓட்டோக்காரர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு ஓட்டினார். ரிஸ்வான் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சம்மாந்துறைக்குப் போய்விட்டு வந்து, கதவடியிலேயே நின்றார்.

"ஷிஃபா, இஞ்ச இருந்து ஒருத்தரும் போய்ச் சொல்லல்லயாம். சொல்லாம எப்பிடி வாற எண்டு உம்மா கேக்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் பிள்ளை தங்கினால், பெண்ணின் உம்மா மாப்பிள்ளை வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லி அழைக்க வேண்டும். ராத்தாவுக்கு நீங்கள் போனீர்களே. நீங்கள் இல்லாத வீட்டில் அது யாருடைய வேலை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான் போன்ல சொன்னதானே?" என்றார் வாப்பா. ரிஸ்வான் தலையைக் குனிந்துகொண்டார். வாப்பாவுக்கும் விளங்கிவிட்டது. எழும்பிப் போய்ச் சேர்ட்டை மாற்றிக்கொண்டு சம்மாந்துறைக்குப் புறப்பட்டார்.

ஒன்பது மாத வயிற்றோடு நானும் கூடப் போனேன். சும்மா இருக்க முடியவில்லை. வழியில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகிறோம். வாப்பா ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார். உங்கள் வேலை உம்மா, அவருக்கு எப்படி வரும்?

மாமி எங்களைக் கண்டதும் பதறிப்போய், இருக்கச் சொல்லிச் செற்றியைத் தூசு தட்டிவிட்டார். வாப்பா உட்காரவே இல்லை.

"இத வந்து சொல்ல வேண்டிய ஆள் இப்ப இல்ல. அதால நான் வந்திரிக்கன். புள்ளைக்கு மாசம் ஒன்பது. நீங்க வரோணும்" என்றார். ஆப்பிள் பையை என் கையில் தந்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வெட்கம் பார்க்க எனக்கு நேரம் இல்லை. லேபர் ரூமுக்குள் என்னோடு வாருங்கள் என்று நேராகவே கேட்டேன். மாமியின் முகம் செத்துப்போனது. மாட்டேன் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மகள், மறைக்காமச் சொல்லுறன். சொல்லல்ல எண்டு கோவம் இரிந்த, இல்லண்டில்ல. ஆனா அது மட்டுமில்ல. எனக்கு மூணு புள்ளையும் சீசர். மயக்கி வெச்சி எடுத்த. நோவு எண்டா என்னண்டே எனக்குத் தெரியா. என்னக் கூட்டிப் போய் என்ன செய்யப் போறீங்க?"

பாருங்கள் உம்மா, நான் அவரைப் பெருமைக்காரி என்று மனதுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டிருக்க, அவர் அங்கே பயந்துகொண்டு இருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"எனக்கும் தெரியா மாமி. ரெண்டு பேருமாப் படிப்பம்" என்றேன்.

படித்தோம். அடுத்த வகுப்பில் மாமி முன் வாங்கில் இருந்தார். சுபா மிஸ் மூச்சு விடச் சொன்னால் என்னைவிடச் சத்தமாக விடுகிறார். நம் வீட்டுக்கும் வந்து தங்கிவிட்டார். உங்கள் மருமகன் தன் உம்மாவுக்கு வாத்தியார், "கீழ உம்மா, இன்னும் கீழ அமத்துங்க" என்று. முதல் நாள் மாமி அழுத்திய அழுத்தில் கதிரையோடு முன்னால் போனேன். இப்போது கை பதமாக வருகிறது.

ஆனாலும் என் மனதின் அந்தரம் போகவில்லை. போகும் என்று நினைத்தேன், போகவில்லை. மாமியின் கை முதுகில் இருக்கும்போதே உங்கள் கையை நினைக்கிறேன். அது அவருக்குச் செய்யும் துரோகமா? இதை யாரிடம் கேட்பது?

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தோம். வயிறு ஒருமுறை இறுகியது. பொய்வலிதான், சுபா மிஸ் சொல்லியிருந்தார். ஆனாலும் என்னை அறியாமல் "உம்மா!" என்று கத்திவிட்டேன். மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டார். இறுக்கம் விட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, மாமி என்ன நினைப்பாரோ என்று.

"அந்த நேரத்துல நீங்க அவவத்தான் கூப்புடுவீங்க" என்றார் மாமி. "கூப்புடுங்க மகள். வெக்கப்படாமக் கூப்புடுங்க. அவ இரிந்தா என்ன சொல்லுவாவோ அத நான் சொல்லுறன். ஓம் மகள், இஞ்சதான் நிக்கன் எண்டு சொல்லுறன்."

உம்மா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கமாட்டேன். உங்களைத்தான் கூப்பிடுவேன், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கக் கூப்பிடுவேன். "ஓம் மகள்" என்று மாமி சொல்லும்போது முகத்தைத் திருப்பாமல் அவர் கையைப் பிடிப்பேன். நீங்கள் கோபிக்க மாட்டீர்கள்தானே?

உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே ஓர் உம்மாவாகப் போகிற,
உங்கள் இளைய மகள்
ஷிஃபானா
சாய்ந்தமருது