தாதரில் இறங்கியவள்

தாராவி, மும்பை
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

நஜ்முன்னிசா எழுதுவது. உங்கள் பதிலும் அதோடு நீங்கள் வைத்திருந்த போட்டோவும் கிடைத்தன. ஆண்டவன் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். சத்துணவுக் கூடத்து வாசலில் கரண்டியோடு நிற்கும் மெலிந்த பெண்தான் பேராச்சி என்று எழுதியிருந்தீர்கள். அவள் முகத்தையும் அசல் பெயரையும் அப்போதுதான் அறிந்தேன். இத்தனை வருஷமாக எனக்கு அவள் செம்பருத்தி.

அவளுக்கு நான் என்ன உறவு என்று கேட்டிருந்தீர்கள். சேர்ந்து பாடியவர்கள், அவ்வளவுதான். ஊரடங்கு நேரத்தில் 'ஜோடிக்குரல்' என்று ஒரு ஆப் வந்தது. பாட்டின் பாதியை ஒருத்தர் பாடிப் போட்டால், மீதியை எங்கோ இருக்கும் இன்னொருத்தர் பாடிச் சேர்க்கலாம். முகம் காட்ட வேண்டாம், சொந்தப் பெயரும் வேண்டாம்; அவள் அதில் வைத்துக்கொண்ட பெயர்தான் செம்பருத்தி. எங்கள் சந்தில் அதில் பாடாத ஆளே இல்லை. தையல் பட்டறை பூட்டிக் கிடந்ததால் நானும் பாடினேன். என் குரல் ஏறாத இடத்தில் அவள் அனாயாசமாக ஏறுவாள். பாட்டுக்குக் கீழே செய்தி அனுப்ப ஓர் இடம் உண்டு. அங்கேதான் பேச ஆரம்பித்தோம்.

பிறகு எல்லாரும் குட்டி வீடியோக்களுக்குப் போய்விட்டார்கள். திருவிழா முடிந்த மைதானம் மாதிரி ஆகிவிட்டது அந்த இடம். நாங்கள் மட்டும் போகவில்லை. அவள் புருஷன் தினமும் போனை வாங்கி, யாரோடு பேசினாள் என்று துருவுவானாம். பாட்டு ஆப்பைத் திறந்து பார்க்க அவனுக்குத் தோன்றியதே இல்லை. கை வீங்கியதை, பல் ஆடியதை எல்லாம் அவள் அங்கேதான் எழுதினாள்.

இங்கே வந்துவிடு என்று நான்தான் சொன்னேன். எங்கள் பட்டறையில் நூல் வெட்ட ஆள் வேண்டும், மாடி அறையில் தங்கிக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் அல்தாபும் சரி என்றார். என் நம்பரைத் தரட்டுமா என்றதற்கு, "வேண்டாம்க்கா. எங்க எழுதி வச்சாலும் அவரு கண்டுபிடிச்சிருவாரு. கிளம்புத அன்னிக்கு இதிலயே சொல்லுதேன். நீங்க தாதர் ஸ்டேஷன்ல வந்து நில்லுங்க, அது போதும்" என்று எழுதினாள்.

ஜோடிக்குரலை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. மாதக் கடைசி வரை ஓடும் என்று போட்டிருந்தார்கள். பாட்டும் கேட்டது. ஆனால் செய்திகளை அதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது. அவளிடமிருந்து ஒன்றும் வராததால், இன்னும் மனசு துணியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் ஆப்பே திறக்கவில்லை. அதன் பிறகுதான் அவள் எப்போதோ சொன்ன பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்து, அங்கே சமைக்கிற பெண் என்று மட்டும் சொல்லி உங்களுக்கு எழுதினேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களிடம் லீவு கேட்க வந்தவள், "அக்காவுக்குச் சேதி அனுப்பிட்டேன் டீச்சர், அவுக ஸ்டேஷன்ல நிப்பாக" என்று சொன்னாளாமே. தாதர் எங்களுக்கு ஒரு பஸ் தூரம் டீச்சர். அவள் வந்து இறங்கிய அன்று நான் பட்டறையில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டோவை எடுத்துக்கொண்டு அல்தாபும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில்வே போலீஸில் எழுதிக்கொடுத்தோம். சாயா ஸ்டால்காரருக்கு அவளை நினைவிருந்தது. இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தாளாம். பர்தா போட்ட பெண் யார் போனாலும் ஓடிப்போய், "நஜ்மா அக்காவா?" என்று கேட்பாளாம். சிலர் பயந்து விலகினார்களாம். அவளுக்கு ஹிந்தி தெரியாது, இவருக்குத் தமிழ் தெரியாது. சாயா கொடுத்தால் காசு இல்லை என்று கையை விரித்தாளாம். "மத்ராஸி ஃபேமிலி கே சாத் கயீ, ஐரோலி ஐரோலி போல் ரஹே தே" என்றார். தமிழ்க் குடும்பம் ஒன்று அவளைக் கூட்டிப் போயிருக்கிறது, ஐரோலி என்று ஊர்ப் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டார்கள் என்கிறார்.

இரண்டு ஞாயிறு ஐரோலியில் அலைந்தேன். இட்லிக் கடைகளில், வீட்டுவேலைக்குப் பெண்கள் கூடுகிற முக்கில், கோயிலில், எல்லாரிடமும் போட்டோவைக் காட்டினேன். ஒருத்தி, பார்த்த மாதிரி இருக்கிறது என்றாள். எங்கே என்றால் சொல்லத் தெரியவில்லை. கூட்டிப்போனவர்கள் நல்லவர்கள்தான் என்று அல்தாப் தினமும் சொல்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்?

அவள் புருஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்து சத்தம் போட்டதாக எழுதியிருந்தீர்கள். பம்பாய் என்ற சொல்லே அவன் காதில் விழவேண்டாம். உங்களுக்கு இதனால் தொந்தரவு வந்தால் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் கிளம்பினாள், ஆனால் உங்கள் பள்ளிக்கூட நம்பர் அவளுக்கு மனப்பாடம் என்கிறீர்கள். எனக்கு இப்போது இருப்பது அந்த ஒன்றுதான். லீவு நாளிலும் போன் அடித்தால் யாராவது எடுக்கும்படி சொல்லிவையுங்கள். அவள் கூப்பிட்டால் இதோடு தனித்தாளில் எழுதி வைத்திருக்கிற என் நம்பரைக் கொடுங்கள். அவள் அனுப்பிய சேதி எனக்கு வரவே இல்லை என்று சொல்லுங்கள். அவள் நம்பாமல் போகலாம். அக்கா என்று இனி கூப்பிடவும் மாட்டாள். அது போகட்டும் டீச்சர். சாப்பிட்டாளா, யார் வீட்டில் இருக்கிறாள், கதவை உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட முடிகிறதா, இதை மட்டும் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.

நான் தொழும் அல்லாஹ்வும் நீங்கள் கும்பிடும் சாமியும் அந்தப் பிள்ளைக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
துஆவுடன்,
நஜ்முன்னிசா