ஏழாவது வெண்கட்டி வட்டம்

சுகிர்தா,

ஆறு மணிக்குத் துறைமுகத்திலை வேலை. நேற்றிலிருந்து நீர் என்னோடை கதைக்கேல்லை, அதாலை எழுதி வைக்கிறன். புட்டும் சம்பலும் மூடி வைச்சிருக்கு, சாப்பிடும்.

எங்கடை பழைய படகு தண்ணியிலை இறங்கேக்கை வடிவா இருக்கட்டும் எண்டுதான் நீர் அடிப்பக்கம் முழுக்கப் பெயின்ற் அடிச்சனீர். நான் அப்பிடிக் கத்தியிருக்கக்கூடாது. இரும்பு மெலிஞ்ச இடங்களிலை வெல்டிங் செய்யவெண்டு வெண்கட்டியாலை ஏழு வட்டம் போட்டு வைச்சனான். அது என்னத்துக்கு எண்டு உமக்கு நான் சொல்லவேயில்லை. பெயின்ற் எல்லாத்தையும் மறைச்சிட்டுது. சுத்தியலாலை தட்டித் தட்டி ஆறு இடத்தைக் கண்டுபிடிச்சு ஒட்டிப்போட்டன். ஏழாவது இன்னும் கிடைக்கேல்லை.

இண்டைக்குப் பதினொரு மணி நல்ல நேரம் எண்டு உம்மடை அண்ணை கிரேனோடை, படகு நிக்கிற கால்சாவுக்கு வருவார். நாள் தவறினாலும் பரவாயில்லை, படகை இறக்க விடாதையும்.

பி.கு.: இறக்கின கையோடை பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு ஒரு சுத்துச் சுத்துவன் எண்டு சொன்னவர். தன்ரை தங்கச்சியைக் கத்திப் பேசினவன் எண்டு என்ரை ஃபோனை எடுக்கிறாருமில்லை.

இந்தத் துண்டை நீர் காணாமல் விட்டால்?

வேண்டாம், துண்டை நம்பேலாது. என்ன பேச்செண்டாலும் பேசும். இப்ப வந்து எழுப்பிறன்.